கோட்டுக்குள் ஒரு கவுன்

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெட்டிக்கடை என்று பெயர். பிள்ளைகள் வைத்த பெயர் அல்ல, கூட வேலை பார்க்கும் ஆசிரியர்கள் வைத்தது. நேரில் பேசும்போது மட்டும் பின்னால் ஒரு டீச்சரைச் சேர்த்து மரியாதையாக்கிக்கொள்வார்கள். மூன்றாம் வகுப்பு அறையின் மூலையில் நிற்கும் அவளுடைய இரும்பு அலமாரியில் கேட்டது எதுவும் இல்லை என்று சொன்னதே கிடையாது. பசை, கத்தரிக்கோல், வண்ணக் காகிதம், பென்சில் சீவும் மெஷின், மூக்குச் சிந்தத் தாள், பிய்ந்த பொத்தானைத் தைக்க ஊசி நூல், தலைவலி மாத்திரை. நாலாம் வகுப்பு சார், "கடை தொறந்திருக்கா டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவார். அவர் வாங்கிப் போன கத்தரிக்கோல் ஒன்றாவது திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

பருவத்துக்கு இரண்டு பெட்டி சாக்பீஸ், ஒரு துடைப்பான். பள்ளி கொடுப்பது அவ்வளவுதான். மற்றதெல்லாம் டீச்சரின் கைக்காசு. வாசிப்பு மூலை என்று ஒன்று அமைத்திருந்தாள். தரையில் விரிப்பு, பழைய புத்தகக் கடையில் பொறுக்கி எடுத்த கதைப் புத்தகங்கள், வெயில் முகத்தில் அடிக்காமலிருக்க ஜன்னலுக்குத் திரை. அந்தத் திரை அதுவரை அவள் வீட்டு ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய வீட்டுக்காரர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர், எதற்கும் சத்தம் போடாத மனுஷன். "உன் கிளாசுல வெயில் அடிக்கல, நம்ம வீட்ல அடிக்குது. சூரியன் எங்கயாவது போகத்தான வேணும்," என்று சொல்லிவிட்டு நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

கொடுக்கிறவர்களுக்கு உள்ளூர ஒரு திமிர் இருக்கும். அவளுக்கும் இருந்தது. யாராவது கேட்டு வந்து நின்றால் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். பசை டப்பாவை எடுத்து நீட்டும்போது, "வச்சுக்கோங்க, என்கிட்ட இன்னொண்ணு இருக்கு," என்பாள். இன்னொன்று இருக்காது. சாயங்காலம் போய் வாங்கி வருவாள்.

அதனால் அவள் உடுத்துவதற்கு நாலு உடைதான் இருந்தன. இரண்டு வெளுத்துப்போய், முதலில் என்ன நிறமாக இருந்தன என்பது அவளுக்கு மட்டுமே தெரிந்த ரகசியமாகிவிட்டது. மூன்றாவதில் இடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை அழியாத மையால் ஏழு என்று எழுதியிருந்தது, அதுவும் திருப்பிப் போட்டு. நாலாவது கூட்டங்களுக்கென்று ஒதுக்கியது. ஆறு வருஷமாக நடந்த எல்லாக் கூட்டங்களுக்கும் அவளோடு அதுவும் வந்திருக்கிறது.

புதன்கிழமை மத்தியானம் தலைமையாசிரியை அவளைக் கூப்பிட்டார். எல்லோரும் அவரைப் பெரிய டீச்சர் என்பார்கள். உட்காரச் சொன்னார், மின்விசிறியைக் கூட்டி வைத்தார், மேஜையில் இருந்த பேனாவை நேராக்கினார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க," என்று ஆரம்பித்தார் பெரிய டீச்சர். "வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். கல்வி ஆபீஸ்லேர்ந்தும் ஒருத்தர் வர்றாரு. உங்க பாடத்தைப் பத்தி எனக்கு ஒரு குறையும் இல்ல."

"சொல்லுங்க மேடம்."

"போன கூட்டத்துல ஒரு அப்பா என்கிட்ட வந்து கேட்டாரு. மூணாம் கிளாசுல கூட்டித் துடைக்கற அம்மாதான் ஒக்காந்திருக்காங்க, டீச்சர் எப்ப வருவாங்கன்னு."

பெரிய டீச்சர் இதை இரக்கத்தோடுதான் சொன்னார். திட்டியிருந்தாலும் தாங்கியிருக்கலாம். பள்ளியில் கூட்டித் துடைக்கிற அம்மா உண்மையில் அவளைவிடப் பளிச்சென்று உடுத்துவாள் என்று வேடிக்கையாகச் சொல்லிச் சமாளிக்க நினைத்தாள். வாய் வரவில்லை. "பாத்துக்கறேன் மேடம்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். காதுமடல் இரண்டும் தகித்தன. வகுப்புக்குப் போகும் வழியெல்லாம், அந்த அப்பா யார், எந்தப் பிள்ளையின் அப்பா என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்துக்கொண்டே போனாள்.

புதிதாக ஒன்று வாங்கிவிடலாமா என்றால், அந்த மாதத்துச் சம்பளத்தில் மிஞ்சியதை முந்தின வாரம்தான் மழையில் நனைந்துபோன வகுப்பு நோட்டுப் புத்தகங்களுக்குப் பதிலாக இருபது புதிது வாங்கித் தொலைத்திருந்தாள். வீட்டுக்காரரிடம் கேட்கலாம். கேட்டால் கொடுப்பார். கேட்க மனம் வரவில்லை.

அவள் வகுப்பறைக்கு வெளியே, நடைகூடத்தில், பெரிய அட்டைப்பெட்டி ஒன்று உண்டு. அதுவும் அவள் ஏற்பாடுதான். பிள்ளைகளுக்குச் சின்னதாகிப் போன சட்டை, காலணி, வீட்டில் யாரும் போடாத நல்ல துணி எதுவாக இருந்தாலும் கொண்டுவந்து அதில் போடலாம். தேவைப்பட்டவர்கள் எடுத்துக்கொள்ளலாம். அட்டையில் அவள் கையெழுத்திலேயே பெரிதாக எழுதி ஒட்டியிருந்தாள்: வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், யாரிடமும் கேட்க வேண்டாம். வகுப்பிலும் பருவத்துக்கு ஒரு முறை பேசுவாள். பெட்டியிலிருந்து எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, உங்கள் பழைய சட்டையை இன்னொருவன் போட்டிருப்பதைப் பார்த்தால் வாயைத் திறக்கக் கூடாது, அது அவன் சட்டை, அவ்வளவுதான். பிள்ளைகளும் அப்படியே நடந்துகொண்டார்கள். அவள் சொன்னதை அவளைத் தவிர எல்லோரும் நம்பினார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை மணி அடித்துப் பிள்ளைகள் போன பிறகு, வழக்கம்போல் பெட்டித் துணிகளை எடுத்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அடியில் ஒரு கோட்டு கிடந்தது. அடர்நீலம், நல்ல கனமான துணி, கழுத்துப் பட்டி சரியாக நின்றது. வெளியே ஒரு கறை இல்லை. உள்துணி மட்டும் கிழிந்து, யாரோ வேறு துணி வைத்துத் தைத்திருந்தார்கள். மஞ்சளில் குட்டிக் குட்டி வெள்ளைப் பூ. தையல் அவ்வளவு நேர்த்தி, நூல் எங்கே ஆரம்பித்தது எங்கே முடிந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

போட்டுப் பார்த்தாள். தோளில் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. முழங்கால் வரை வந்தது. உள்ளே என்ன உடுத்தியிருக்கிறாள், அதில் ஏழு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. கழிப்பறைக் கண்ணாடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கண்ணாடியில் இருந்தவளைக் கூட்டித் துடைப்பவள் என்று எந்த அப்பாவும் சொல்லமாட்டார்.

கேட்க வேண்டாம் என்று எழுதி வைத்தவளே அவள்தான். அப்படியே கையில் தொங்கவிட்டுக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் இரண்டு பக்கமும் பார்த்தாள். நடைகூடத்தின் கடைசியில் வாளிச் சத்தம் கேட்டது. கோட்டைச் சுருட்டிப் பையில் திணித்து, மேலே திருத்த வேண்டிய விடைத்தாள்களை வைத்து மூடினாள். உரிமையோடு எடுக்கிற பொருளை எதற்கு இப்படி ஒளித்துக்கொண்டு போகிறோம் என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் நல்லது.

வீட்டில் அதை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"புதுசா?"

"ம்."

"இப்பவாவது ஒனக்குன்னு ஒண்ணு வாங்கத் தோணுச்சே. நல்லாருக்கு."

"தள்ளுபடியில கெடச்சுது," என்றாள். சும்மா இருந்திருக்கலாம். தள்ளுபடி வரை போனது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் சந்தோஷமாகக் கோட்டின் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அவளுக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை எல்லாம் ஜோராகத்தான் ஆரம்பித்தது. நாலாம் வகுப்பு சார், "கடைக்குப் புது போர்டு மாட்டியாச்சா?" என்றார். பெரிய டீச்சர் வாசலிலேயே பார்த்து, ஒன்றும் சொல்லாமல், கண்ணால் சரி என்றார். டீச்சரின் நடையே மாறிப்போனது. முதுகு நிமிர்ந்து, ஆறு வருஷம் இளமையாகி வகுப்புக்குள் போனாள்.

அந்த வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். பிள்ளைகள் அவளைக் குதிரைக்காரி என்பார்கள். வருஷ ஆரம்பத்தில், தன் வீட்டுக்குப் பின்னால் ஒரு குதிரை இருக்கிறது, தான் தலை வாரிவிட்டால்தான் சாப்பிடும் என்று அவள் ஒரு கதை விட்டாள். நாலைந்து பேர் பார்க்கக் கிளம்பிப் போனார்கள். அங்கே தகரக் கூரைக்குக் கீழே அவள் அம்மாவின் தையல் மெஷின்தான் இருந்தது. அதிலிருந்து அந்தப் பெயர். அவள் வாயில் வருவதெல்லாம் அப்படித்தான். அத்தை விமானம் ஓட்டுவாள், தம்பிக்கு ஆறு விரல், நேற்று மழையில் மீன் விழுந்தது. பிள்ளைகள் யாரும் அவள் சொல்வதை நம்புவதில்லை. வயிற்றுவலி என்று ஒரு நாள் அழுதபோதுகூட யாரும் நம்பவில்லை.

டீச்சருக்கு அவள்மேல் தனிப் பிரியம். இந்தப் பொய்ப் பழக்கத்தை அடித்து விரட்டாமல் நைச்சியமாக மாற்றுகிறேன் என்று இறங்கினாள். சுவரில் ஒரு அட்டை. தினமும் காலையில் சிறுமி மேஜைக்கு வந்து டீச்சர் காதில் ஒரு நிஜத்தைச் சொல்ல வேண்டும். நிஜமாக இருந்தால் ஒரு நட்சத்திரம் ஒட்டப்படும். பொய் வந்தால் அத்தனையும் போய் மறுபடி ஒன்றிலிருந்து. விடாமல் இருபது நட்சத்திரம் வாங்கிவிட்டால், வாசிப்பு மூலையில் உட்கார்ந்து வகுப்புக்கே ஒரு கதை சொல்லலாம், எவ்வளவு பெரிய கற்பனையாக இருந்தாலும் சரி. கதை வேறு பொய் வேறு என்று அவளுக்குப் புரிய வைப்பதுதான் நோக்கம்.

சிறுமி உயிரைக் கொடுத்துப் பாடுபட்டாள். "டீச்சர், எங்கப்பா தும்மினா பூனை ஓடிப் போயிடும்." ஒரு நட்சத்திரம். "டீச்சர், நேத்து எங்க வீட்ல உப்பு இல்ல." ஒரு நட்சத்திரம். "டீச்சர், தம்பிக்கு அஞ்சு வெரல்தான்." அதற்கு டீச்சர் சிரித்துக்கொண்டே ஒட்டினாள். இப்படிப் பத்தொன்பது சேர்ந்துவிட்டன. அந்த வெள்ளிக்கிழமைதான் இருபதாவது. மத்தியானத்துக்குக் குதிரைக் கதை தயாராக இருக்கிறது என்று பள்ளிக்கு வந்ததிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் நட்சத்திரத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, "வா கண்ணு, சொல்லு," என்று கையை நீட்டினாள். நீட்டியதில் கோட்டுக் கையின் முனை மடங்கி, உள்ளே இருந்த மஞ்சள் தெரிந்தது.

காதருகே வந்த சிறுமி நின்றுவிட்டாள். முகமெல்லாம் மலர்ந்துபோயிற்று.

"டீச்சர், நான் வேற நெஜம் வச்சிருந்தேன். ஆனா இது அதவிடப் பெரிசு. ஒங்க கோட்டுக்குள்ள என்னோட கவுன் இருக்கு."

ரகசியமாகச் சொல்கிற நினைப்பில்தான் சொன்னாள். சந்தோஷத்தில் குரல் கூடிவிட்டது. முன்வரிசை நிமிர்ந்து பார்த்தது.

"என்ன சொல்ற?"

"இது எங்கம்மா கோட்டு. உள்ள கிழிஞ்சுபோச்சுன்னு என் மஞ்சக் கவுனை வெட்டித் தச்சாங்க. பாக்கெட்டுக்குள்ள கை விட்டுப் பாருங்க, கவுனோட பட்டன் ஓட்டை இருக்கும்."

பெட்டி விதி சிறுமிக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அது பிள்ளைகளுக்கான விதி. டீச்சர் ஒருத்தி பெட்டியிலிருந்து எடுப்பாள் என்று அவளுக்குத் தோன்றவே வழியில்லை. அலமாரி நிறையச் சாமான் வைத்திருக்கிறவள் டீச்சர். அம்மா பெட்டியில் போட்ட கோட்டு எப்படியோ டீச்சரிடம் வந்து சேர்ந்துவிட்டது, அது பெரிய அதிசயம், அவ்வளவுதான் அவளுக்கு.

"ஆமா, பெட்டியில எடுத்தேன்," என்று சொல்லியிருக்கலாம். மூன்றே வார்த்தை. டீச்சர் வாயைத் திறந்தபோது வேறு மூன்று வந்தன.

"மறுபடியும் குதிரை வந்துடுச்சா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அந்தப் பெயரை அவள் முன்னால் சொல்லக் கூடாது என்று இத்தனை நாள் மற்றவர்களைக் கண்டித்து வந்தவள் டீச்சர்தான். சிரிப்பு அடங்குவதற்குள் அவளே மேலும் பேசினாள். "இந்த மாதிரித் துணி எல்லாக் கடையிலயும் கெடைக்கும். இத நான் கடையில வாங்கினேன்."

"இல்ல டீச்சர், பாக்கெட்டுல..."

"போதும். இன்னிக்கு ஸ்டார் கெடையாது. போய் ஒக்காரு."

சிறுமி போகவில்லை. சுவரில் இருந்த அட்டையைப் பார்த்தாள்.

"அப்ப மொதல்லேர்ந்தா டீச்சர்?"

வகுப்பு முழுவதும் டீச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தது. விதி விதிதான். "ஆமா," என்றாள்.

சிறுமி இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். அழவில்லை. தன் கையின் சட்டை முனையைத் திருப்பி, உள்ளே பார்த்து, மறுபடி சரியாக மடித்துவிட்டுக்கொண்டாள்.

மத்தியான இடைவேளையில் டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டு கோட்டுப் பைக்குள் கையை விட்டாள். உள்துணியில் விரல் ஒரு சின்ன ஓட்டையில் போய் நின்றது. பொத்தான் ஓட்டை. சுற்றிலும் நெருக்கமாகத் தைத்து மூடாமல் விட்டிருந்தார்கள். ஒரு கோட்டுக்காக ஒரு பிள்ளையை வகுப்பின் முன்னால் பொய்க்காரியாக்கிவிட்டோம் என்பது நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும், அடுத்து அவள் யோசித்தது அந்தப் பிள்ளையைப் பற்றி அல்ல. அதன் அம்மா, அந்தத் தையல்காரம்மா, கூட்டத்துக்கு வருவாள் என்பதைப் பற்றி.

பட்டியலில் பார்த்தாள். ஐந்தாவது பெயர். அவள் வருகிற நேரத்துக்குக் கோட்டைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டியதுதான். உள்ளே இருந்த உடையில் தோள் தையல் காலையில்தான் விட்டிருந்தது. போனால் போகிறது, கையால் மறைத்துக்கொள்ளலாம். இப்படிக் கணக்குப் போட்டு வைத்தாள். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் நிஜம் சொல்லு நிஜம் சொல்லு என்று தலையைத் தின்றவள், கோட்டை எந்த நொடியில் கழற்றுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் தொடங்கியது. பெற்றோர்கள் நடைகூடத்துப் பெஞ்சில் காத்திருந்து ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். நாலாவது ஆள் எழுந்து போனதும் டீச்சர் முதல் பொத்தானைக் கழற்றினாள். அந்த நேரம் பார்த்துப் பெரிய டீச்சர் கல்வி அதிகாரியை அழைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். அதிகாரி வாசிப்பு மூலையைப் பார்த்துச் சொக்கிப் போனார். "இதெல்லாம் பள்ளி நிதியிலயா?" என்றார். பெரிய டீச்சர், "ஆமா சார், இருக்கறத வச்சு செய்றோம்," என்றார் கூசாமல். டீச்சர் பொத்தானை மறுபடி மாட்டிக்கொண்டு அசடு வழியச் சிரித்தாள். அன்றைக்கு வேறு யாருடைய பொய்யையும் குறை சொல்லும் நிலையில் அவள் இல்லை. அவர்கள் வெளியே போன அதே கதவு வழியாகத் தையல்காரம்மா உள்ளே வந்தாள், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு.

தையல் வேலைக்கு நடுவில் ஓடி வந்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. பிள்ளைகள் உட்காருகிற குட்டை நாற்காலியில் முழங்காலைச் சேர்த்து உட்கார்ந்து, "வணக்கம் டீச்சர்," என்று தலையை நிமிர்த்தினாள். நிமிர்ந்த கண் கோட்டின் கழுத்துப் பட்டியில் நின்றது. அங்கிருந்து கை முனைக்கு வந்தது. டீச்சர் கையை மேஜைக்குக் கீழே இழுத்துக்கொண்டாள். இழுத்துக்கொண்டதையும் அவள் பார்த்தாள்.

"அம்மா, இந்தக் கோட்டுதான்," என்றாள் சிறுமி. காலையில் இருந்த குரல் இல்லை. "டீச்சர் கடையில வாங்கினாங்களாம். நான் ஒன்னோடதுன்னு சொல்லிட்டேன். அதான் எல்லா ஸ்டாரும் போயிடுச்சு."

தையல்காரம்மா மகளைப் பார்க்கவில்லை. டீச்சரையும் பார்க்கவில்லை. அளவு நாடாவின் நுனியைப் பிடித்து விரலில் ஒரு சுற்றுச் சுற்றினாள். தன் கையால் போட்ட தையலை அடையாளம் தெரியாமல் போகுமா என்ன.

"இது இல்லடி," என்றாள். "நம்மளுது வேற. நம்ம தையலு இவ்ளோ நல்லாவா இருக்கும்? டீச்சர் வாங்கினது வெலை ஒசத்தி. டீச்சர்கிட்ட மன்னிப்புக் கேளு."

டீச்சருக்கு அந்த நொடியில் வந்தது நிம்மதி. இதைச் சொல்லாமல் பூசி மெழுகிவிட்டுப் போக முடியாது. தப்பித்தோம் என்று நெஞ்சுக்குள் ஒரு மூச்சு இறங்கியது. இந்தம்மா எவ்வளவு நல்லவள் என்றுகூடத் தோன்றியது. அது ஒரு மூச்சு நேரந்தான். ஆனால் இருந்தது.

சிறுமி கோட்டைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டாள்.

"சாரி டீச்சர். எனக்கு எது நெஜம் எது கதைன்னே தெரியல போலருக்கு."

டீச்சருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. பத்தொன்பது நாள் ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கொடுத்ததை ஒரே நாளில், இரண்டு பெரியவர்கள் கூடி, வழித்துத் துடைத்து எடுத்துவிட்டார்கள். தும்மலும் பூனையும் உப்பும் எல்லாம் இனி அவளுக்குச் சந்தேகமாகிப் போகும். தன் கண்ணால் கண்டதையே அவள் இனி யாரிடமாவது கேட்டுவிட்டுத்தான் நம்புவாள்.

எழுந்தாள். மேஜையைச் சுற்றிக்கொண்டு போய்க் கதவை முழுசாகத் திறந்தாள். நடைகூடத்தில் ஏழெட்டுப் பெற்றோர் இருந்தார்கள். காலையில் சிரித்த பிள்ளைகள் அவர்கள் காலடியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நாலாம் வகுப்பு சார் தன் வாசலில் நின்றிருந்தார். தூரத்தில் பெரிய டீச்சரும் அதிகாரியும் படியிறங்கப் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டித் துடைக்கிறவள் என்று நினைத்த அந்த அப்பாவும் இவர்களில் ஒருவராக இருக்கலாம்.

"ஒரு நிமிஷம்," என்றாள். சாக்பீஸ் தூளை இருபது வருஷம் விழுங்கிய குரல் நடைகூடம் முழுக்கக் கேட்டது. "காலையில கிளாசுல ஒரு பொண்ணு பொய் சொல்லிட்டான்னு சொன்னேன். அவ சொன்னது நெஜம். இந்தக் கோட்டு அவங்க அம்மாவோடது. இந்தப் பெட்டியிலேர்ந்து நான் எடுத்தேன். போட்டுக்க என்கிட்ட நல்லதா ஒண்ணு இல்ல. கடையில வாங்கினேன்னு சொன்னது பொய். பொய் சொன்னது நான்தான், அவ இல்ல."

ஒருத்தர் தன் செருப்பைப் பார்த்தார். ஒரு அம்மா அவசர அவசரமாக, "அதனால என்ன டீச்சர், அதுக்குப் போயி," என்றாள். அந்தக் கனிவு அறைந்தது போல் இருந்தது. "அப்ப டீச்சருக்கும் பெட்டியா?" என்று ஒரு பிள்ளை கேட்டது, அதன் அம்மா வாயைப் பொத்தினாள். பெரிய டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. அதிகாரியை மெல்லப் படிக்கட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு போனார். நாலாம் வகுப்பு சார் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

டீச்சர் கூனிக் குறுகித் திரும்ப வந்தாள். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, ஊரறியச் சொல்லியாயிற்று, இனி அந்தப் பிள்ளை தன்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும் என்று.

சிறுமி அவள் பக்கம் திரும்பவில்லை. அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அது நம்ம கோட்டுன்னு ஒனக்குத் தெரியும்ல?"

தையல்காரம்மா அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினாள்.

"நீதான தச்ச?"

"தெரியும்டி."

"தெரிஞ்சும் ஏன் இல்லன்னு சொன்ன?"

தையல்காரம்மா டீச்சரை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். "டீச்சருக்கு அவமானமாப் போயிடுமேன்னுதான்."

சிறுமி தலையாட்டினாள். அது அவளுக்கு நியாயமாகத்தான் பட்டது. பிறகு, கோபமே இல்லாமல், வகுப்பில் கணக்கில் சந்தேகம் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"எனக்கு அவமானமா இருந்துச்சே. அது பரவால்லியா?"

கேட்டுவிட்டு, இரண்டு பேரில் யார் பதில் சொல்லப்போகிறார்கள் என்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.